டைம்கோட் உரையிலிருந்து டிவிடி சப்டைட்டில் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசனமும் அது தோன்றும் நேரமும் (டைம்கோட்) எழுதிய எஸ்ஆர்டி (SRT) உரைக்கோப்பு கையில் இருக்கிறது. அதை அப்படியே டிவிடியில் போட முடியாதா?

முடியாது. டிவிடி-வீடியோ தரத்தில் சப்டைட்டில் என்பது எழுத்தே அல்ல. வீடியோவின் மேல் ஒட்டப்படும் ஒரு சிறு படம். சப்பிக்சர் என்று அதற்குப் பெயர். பிளேயருக்குள் எழுத்துரு கிடையாது, யூனிகோட் கிடையாது, எது தமிழ் எது ஜப்பானியம் என்ற அறிவும் கிடையாது. வரிசையாக வரும் புள்ளிகளைத் திரையில் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

தமிழுக்கு இது ஒரு விதத்தில் நல்லது. படம் சரியாக இருந்தால் இருபது வருடப் பழைய பிளேயரிலும் தமிழ் பிழையில்லாமல் தெரியும். யுஎஸ்பியில் போட்ட எஸ்ஆர்டியைக் காட்டும் பிளேயர்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொல்லை டிவிடி சப்டைட்டிலுக்கு இல்லை. மறுபக்கம், படம் தவறாக உருவானால் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. எனவே கவனம் முழுவதும் எழுத்து படமாக மாறும் அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

வீடியோ மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் (FFmpeg) ஒரே கட்டளையில் மாற்ற முடியாதா?

எழுத்துச் சப்டைட்டிலை வேறொரு எழுத்து வடிவத்துக்கும், படச் சப்டைட்டிலை வேறொரு பட வடிவத்துக்கும் அது மாற்றும். எழுத்தைப் படமாக்கச் சொன்னால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். நடுவில் வேறொரு கருவி வேண்டும்.

படம் எப்படி இருக்க வேண்டும்?

சட்டகம், பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 720×576, என்டிஎஸ்சி (NTSC) முறையில் 720×480. ஒரு படத்தில் நான்கு நிறம்தான், பின்னணியும் அதில் ஒன்று. அந்த நான்கையும் 16 நிறங்கள் கொண்ட ஒரு நிறத்தட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 15 வரை ஒளிபுகா அளவு தரலாம்: 0 என்றால் முழுக்கக் கண்ணாடி, 15 என்றால் பின்னால் உள்ளது எதுவும் தெரியாது. டிஸ்கின் ஒரு தலைப்பில் (டைட்டில்) 32 சப்டைட்டில் தடங்கள் வரை வைக்கலாம்.

சுருக்கப்பட்ட நிலையில் ஒரு படம் 53,220 பைட்டைத் தாண்டக் கூடாது. சுத்தமான எழுத்துப் படம் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஒரே நிறம் தொடர்ந்து எத்தனை பிக்சல் வருகிறது என்று எண்ணி எழுதுவதுதான் சுருக்கும் முறை. முழுக்கக் காலியான ஒரு வரிக்கு 2 பைட் போதும். படத்தில் டிதரிங் எனப்படும் புள்ளித்தூவல் இருந்தால் மட்டும் அளவு எகிறும். அதனால் நிறங்களைக் குறைக்கும்போது டிதரிங்கை அணைத்துவிடுங்கள். ஜேபெக் பக்கமே போகாதீர்கள். அது எழுத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான நிறங்களைத் தூவிவிடும். பிஎன்ஜி, பிஎம்பி, டிஃப் மூன்றும் சரி. எதை ஏற்கும் என்பது, டிஸ்கைக் கட்டமைக்கும் ஆத்தரிங் மென்பொருளைப் பொறுத்தது.

நான்கு நிறங்களை எப்படிப் பங்கிடுவது?

ஒன்று பின்னணி, ஒளிபுகா அளவு 0. இரண்டாவது எழுத்தின் உடல். மூன்றாவது கறுப்பு ஓரம். நான்காவது, உடலுக்கும் ஓரத்துக்கும் நடுவில் நிற்கும் சாம்பல். வளைவுகளில் படிக்கட்டு தெரியாமல் இருப்பது இதனால்தான். ஓரத்துக்கு வெளியே மென்மையாக்க நிறம் மிச்சமில்லை, ஆனால் கறுப்பு ஓரத்தின் படிக்கட்டு கண்ணை உறுத்துவதில்லை.

எழுத்தின் உடலுக்கு முழு வெள்ளை வேண்டாம். இருட்டுக் காட்சியில் 255 வெள்ளை கண்ணைக் கூசும். 220 முதல் 230 வரையிலான வெளிர்சாம்பல் திரையில் வெள்ளையாகவே தெரியும். மஞ்சள் பழைய பழக்கம். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர் நிறைந்த படங்களுக்கு இன்றும் பொருந்தும்.

ஸ்புமக்ஸில் நேரடியாக எஸ்ஆர்டி கொடுத்தேன். தமிழ் உடைந்து வருகிறது. ஏன்?

டிவிடி கட்டமைக்கும் டிவிடிஆத்தர் தொகுப்பில், சப்டைட்டில் சேர்க்கும் கருவியான ஸ்புமக்ஸுக்கு (spumux) எழுத்துக் கோப்பைத் தானே படமாக்கும் வசதி உண்டு. ஆனால் அது ஒவ்வொரு குறியாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது.

யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்ததாகவும் பதிவாகும். ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கும். வரையும்போது முன்னால் கொண்டுவர வேண்டும். ‘கொ’ இன்னும் சிக்கல்: குறி ஒன்று, அதைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். ‘டு’, ‘பூ’, ‘மூ’ போன்ற உகர, ஊகார வரிசைக்கு எழுத்துருவுக்குள் தனி வடிவங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்க வேண்டும். இந்த வேலையை, எழுத்து வடிவங்களைச் சரியாகக் கோக்கும் மென்பொருள் இயந்திரம் (ஷேப்பிங் எஞ்சின்) செய்கிறது: ஹார்ஃப்பஸ், விண்டோஸில் உள்ள யூனிஸ்கிரைப் போன்றவை. அந்த இயந்திரம் இல்லாத கருவியில் கொம்பு இடம் மாறும், கால் தனியாக நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

எனவே ஸ்புமக்ஸுக்கு எழுத்தைக் கொடுக்காதீர்கள். படத்தை வேறு இடத்தில் செய்து, பிஎன்ஜியாகக் கொடுங்கள். விண்டோஸில் சப்டைட்டில் எடிட் (Subtitle Edit) மென்பொருளின், படமாக ஏற்றுமதி செய்யும் வசதி எளிது. லினக்ஸில் படம் செய்யும் கருவியான இமேஜ்மேஜிக் வழியாக, எழுத்தை அடுக்கும் நூலகமான பாங்கோவை அழைத்தால் ஹார்ஃப்பஸ் தானாக வரும். இமேஜ்மேஜிக்கின் சாதாரண எழுத்து வரையும் வழி, ராக்ம் நூலகத்தோடு கட்டப்பட்டிருந்தால் மட்டுமே தமிழைச் சரியாக வரையும்.

ஒரு கருவி தமிழைச் சரியாக வரைகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கோப்பின் இரண்டாயிரம் வரிகளையும் ஓடவிடும் முன் இந்த வரியை மட்டும் படமாக்கிப் பாருங்கள்:

கொடி கோடி கௌரவம் தையல் மூடு பூச்சு தூது ஙீ ணு ஸ்ரீ க்ஷ

‘கொடி’யும் ‘கோடி’யும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும். ‘தூ’வின் வால் முழுதாக இருக்க வேண்டும். ‘ஸ்ரீ’ ஒரே கூட்டெழுத்தாக வர வேண்டும். அதன் முதல் எழுத்தை ‘ஸ’, ‘ஶ’ என இரண்டு விதமாகக் குறியேற்றும் வழக்கம் இருப்பதால், ஓர் எழுத்துருவில் கூடுவது மற்றொன்றில் பிரிந்து நிற்கலாம். கோப்பு முழுக்க ஒரே விதமாகத் தேடி மாற்றிவிடுவது நல்லது.

பழைய சப்டைட்டில் பாமினியில் இருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் மாற்றுவதே மேல். பாமினி போன்ற எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிப்பவை. கொம்பு முன்னால், மெய் பின்னால். அதனால் மேலே சொன்ன ஸ்புமக்ஸ்கூட அதைப் பிழையின்றி வரையும். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது: பாமினியில் ‘ஈ’ எழுத்து உட்கார்ந்திருப்பது ஆங்கிலத்தின் ‘விடச் சிறியது’ (<) குறியின் இடத்தில். எஸ்ஆர்டி படிக்கும் மென்பொருள் அதைச் சாய்வெழுத்துக் குறியின் தொடக்கம் என்று எண்ணி, பின்னால் வருவதை விழுங்கிவிடும். ‘ஈ’ வரும் வரிகள் பாதியில் காணாமல் போனால் காரணம் இதுதான்.

யூனிகோடுக்கு மாற்றினால் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். நோட்பேடில் தவறி ஆன்சியாகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும், மீட்க வழியில்லை. யூடிஎஃப்-8 கோப்பின் முதலில் வரும் கண்ணுக்குத் தெரியாத பைட் அடையாளமும் சில கருவிகளைக் குழப்பும். முதல் சப்டைட்டில் மட்டும் வரவில்லை என்றால் அதை நீக்கிப் பாருங்கள்.

எந்த எழுத்துரு? எவ்வளவு பெரிது?

கோட்டின் தடிமன் சீராக உள்ள எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழின் மீடியம் எடை நன்றாக உட்காரும். நிர்மலா, லதா இரண்டும் பயன்படும், லதா அகலத்தைச் சற்று அதிகமாகத் தின்னும். கனத்த எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்: ‘ண’, ‘ற’, ‘ஞ’ ஆகியவற்றின் உள்வளையங்கள் அடைந்துபோகும், இரட்டைக்கொம்பின் மேல்சுழி மூடிக்கொண்டு ‘மேல்’, ‘மெல்’ ஆகிவிடும்.

மென்பொருளில் எழுத்தளவு எண்ணைப் பார்ப்பதைவிடப் படத்தில் பிக்சலை எண்ணுவது நம்பகமானது. பால் சட்டகத்தில் ‘ப’வின் உயரம் சுமார் 20 வரி, என்டிஎஸ்சியில் 17 வரி; அதற்குக் கீழே இறங்க வேண்டாம். கிடைக்கோடுகள் எதுவும் இரண்டு வரிக்குக் குறைந்த தடிமனில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு படச் சட்டமும் ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு ஃபீல்டுகளாகப் பிரித்துக் காட்டப்படுகிறது; ஒரே ஒரு வரி தடிமனுள்ள கோடு அவற்றில் ஒன்றில் மட்டும் விழும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில் அது நொடிக்கு 25 தடவை மினுங்கும். ‘ட’வின் அடிக்கோடு துடிப்பதாக வரும் புகார்கள் எல்லாம் இதுதான்.

புள்ளியைத் தனியாகக் கவனியுங்கள். மூன்று வரி உயரம், மூன்று பிக்சல் அகலமாவது அதற்கு வேண்டும். நிறங்களை நான்காகக் குறைக்கும்போது முதலில் பலியாவது அதுதான். மென்பொருள் அதைச் சாம்பலாக்கும், கறுப்பு ஓரம் அதை மூடும், ‘கண்’ போய் ‘கண’ நிற்கும்.

வரிக்கு எத்தனை எழுத்து?

ஆங்கிலக் கையேடுகள் சொல்லும் எழுத்தெண்ணிக்கையைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். ‘கொ’ கணினிக்கு இரண்டு குறி, நமக்கு ஓரெழுத்து, அகலத்தில் ‘ர’வைப் போல மூன்று மடங்கு. பிக்சல் அகலத்தை அளப்பதே வழி. இரு ஓரங்களிலும் பத்துப் பத்து சதவீதம் விட்டால் நடுவில் 576 பிக்சல் மிஞ்சும். 4:3 படத்தில் அதற்குள் ஏறத்தாழ 22 முதல் 24 எழுத்துகளும், 16:9 படத்தில் முப்பது சொச்சமும் அடங்கும். அதற்கு மேல் போனால் மொழிபெயர்ப்பைச் சுருக்க வேண்டும், எழுத்தை அல்ல.

கீழே விட வேண்டிய இடம் பாலில் 58 வரி, என்டிஎஸ்சியில் 48. இரண்டு வரிகளுக்கு மேல் அடுக்காதீர்கள். வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள்: மேல்வரியின் ‘நூ’, ‘ழு’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கீ’, ‘லீ’ மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

16:9 படத்தில் எழுத்து குண்டாகத் தெரிகிறது.

டிவிடியின் பிக்சல் சதுரம் அல்ல. 16:9 பால் படத்தில் 720 பிக்சல் திரையில் 1024 அளவுக்கு இழுக்கப்படுகிறது, உங்கள் எழுத்தும் கூடவே இழுபடுகிறது. படத்தை 1024×576இல் வரைந்து, பிறகு அகலத்தை மட்டும் 720க்குச் சுருக்குங்கள். என்டிஎஸ்சி 16:9க்கு 853×480, என்டிஎஸ்சி 4:3க்கு 640×480 (இதை மட்டும் 720க்கு விரிக்க வேண்டும்), பால் 4:3க்கு 768×576.

வரிசை முக்கியம். முதலில் அகலம், பிறகு நான்கு நிறம். மாற்றிச் செய்தால் அகலத்தைச் சுருக்கும்போது புதிய சாம்பல் நிறங்கள் முளைத்து, நான்கு என்பது நாற்பதாகிவிடும்.

படம் செய்யும் வேலையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இமேஜ்மேஜிக்கும் பாங்கோவும் வைத்துச் செய்யும் வழி இது. வேறு கருவியிலும் உள்ளே நடப்பது இதேதான்.

1. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, சதுரப் பிக்சல் அளவில் வரையுங்கள். பாங்கோவுக்குக் கொடுக்கும் உரையில் ‘அண்டு’ (&) குறியோ ‘விடச் சிறியது’ (<) குறியோ இருந்தால் மாற்றுக்குறியாக எழுத வேண்டும், இல்லையேல் அந்த வரி வரையப்படாது.
2. அகலத்தை 720க்கு மாற்றுங்கள்.
3. மூன்று படியாக்குங்கள்: மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்குக் கீழே காலி, மூன்றில் இரண்டுக்கு மேலே எழுத்து, நடுவில் சாம்பல்.
4. காலி அல்லாத பகுதியை நகலெடுத்து, எல்லாப் பக்கமும் 2 பிக்சல் விரியுங்கள். இமேஜ்மேஜிக்கில் டைலேட் என்ற செயல். இதுவே கறுப்பு ஓரம்.
5. ஓரத்தின் மேல் எழுத்தை வைத்து, மற்ற இடத்தைக் கண்ணாடியாக்கி, பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

ஓரத்தை இப்படித் தனியாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. எழுத்தையும் ஓரத்தையும் ஒன்றாக வரைந்து, மென்பொருளே நான்கு நிறமாகக் குறைக்கட்டும் என்று விட்டால், அது ஒவ்வொரு படத்திலும் சற்று வேறுபட்ட சாம்பலைத் தேர்ந்தெடுக்கும். நூறு படங்களுக்குள் 16 நிறத்தட்டு நிரம்பிவிடும்.

கோப்புப் பெயர்களில் 0001, 0002 என்று முன்பூஜ்யம் வையுங்கள்.

சப்டைட்டில் நேரம் தள்ளிப்போகிறது. எங்கே தேடுவது?

முதல் சப்டைட்டிலையும் கடைசிச் சப்டைட்டிலையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு விலகியிருந்தால் தொடக்கப் புள்ளி தவறு. ஒளிபரப்பு நாடாவுக்காகச் செய்த கோப்புகள் 01:00:00:00 அல்லது 10:00:00:00 என்று தொடங்கும்; அதைக் கழித்துவிட்டால் சரியாகும்.

விலகல் போகப்போக வளர்ந்தால், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

மணிக்கு 3.6 நொடி என்றால் டிராப், நான்-டிராப் குழப்பம். என்டிஎஸ்சி நொடிக்கு 29.97 ஃப்ரேம் (படச் சட்டம்) ஓடுகிறது, டைம்கோடோ 30 என்று எண்ணுகிறது. டிராப் முறையில் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாவிவிடுவார்கள், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாவுவதில்லை. தாவப்படுவது எண்தான், படச் சட்டம் எதுவும் வெட்டப்படுவதில்லை. உரைக்கோப்பு ஒரு முறையிலும் ஆத்தரிங் மறு முறையிலும் இருந்தால் இந்த 3.6 நொடி வரும்.

மணிக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 27 நொடி என்றால், 23.976 ஃப்ரேம் கணக்கில் செய்த உரையை 25 ஃப்ரேமுக்கு வேகமாக்கிய பால் படத்தோடு சேர்த்திருக்கிறீர்கள், அல்லது தலைகீழாக. எல்லா நேரங்களையும் 1.0427ஆல் வகுக்கவோ பெருக்கவோ வேண்டும்.

எல்லாம் ஒரு நொடிக்குள் முன்னும் பின்னுமாக ஒழுங்கின்றி ஆடினால், கடைசி இலக்கங்களின் பொருளைச் சந்தேகியுங்கள். எஸ்ஆர்டியில் 00:12:07,480 என்றால் 480 மில்லிநொடி. பால் ஃப்ரேம் கணக்கில் அதே தருணம் 00:12:07:12. அந்த 12ஐ நூறில் பன்னிரண்டு என்று ஒரு கருவி படித்தால் மூன்றில் ஒரு நொடிக்கு மேல் முந்திவிடும்.

இரண்டு சப்டைட்டில்களுக்கு நடுவில் இடைவெளி வேண்டுமா?

வேண்டும். ஒரு தடத்தில் ஒரே நேரத்தில் ஒரு படம்தான் திரையில் நிற்கும். நேரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் முந்தையது அழியும், அல்லது ஆத்தரிங் மென்பொருள் ஏற்க மறுக்கும். ஒன்று முடியும் அதே ஃப்ரேமில் அடுத்தது தொடங்கினாலும் சில பிளேயர்கள் ஒன்றை விழுங்கிவிடுகின்றன. குறைந்தது இரண்டு ஃப்ரேம் விடுங்கள். அத்தியாயப் புள்ளி சப்டைட்டிலின் நடுவில் விழாமலும் பாருங்கள்: அந்த அத்தியாயத்துக்கு நேராகத் தாவுபவருக்கு, ஏற்கெனவே தொடங்கிவிட்ட சப்டைட்டில் தெரியாது.

படங்களை வீடியோவோடு சேர்ப்பது எப்படி?

ஸ்புமக்ஸுக்கு ஓர் எக்ஸ்எம்எல் பட்டியல் தேவை: ஒவ்வொரு படத்துக்கும் தொடக்கம், முடிவு, கோப்புப் பெயர், இடம். படத்தைக் கத்தரித்து இடம் கொடுப்பதானால் மேலிருந்து உள்ள தூரம் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும். ஒற்றைப்படையானால் மேல்ஃபீல்டும் கீழ்ஃபீல்டும் இடம் மாறி, எழுத்தின் விளிம்பு ரம்பப் பல்லாகும். கத்தரிக்காமல் முழுச் சட்டகமாகவே கொடுத்தாலும் தவறில்லை. காலி வரிகளுக்குச் செலவு மிகக் குறைவு என்று மேலே பார்த்தோம்.

உள்ளே போகும் எம்பெக் கோப்பு, வீடியோவும் ஒலியும் டிவிடி வகையில் ஒன்றாகக் கலக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அப்படிக் கலக்கும் கருவியான எம்ப்ளெக்ஸில் (mplex) வடிவ எண் 8. டிவிடிஆத்தரின் 0.7 வரிசையில் பாலா என்டிஎஸ்சியா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வேலை தொடங்காது. இரண்டாவது மொழிக்கு, வெளிவந்த கோப்பையே மறுபடி ஸ்புமக்ஸுக்குள் செலுத்தி, தட எண்ணை 1 என்று கொடுங்கள் (முதல் தடத்தின் எண் 0).

சீனரிஸ்ட், மேஸ்ட்ரோ போன்ற ஸ்டூடியோ மென்பொருள்கள் படங்களோடு ஓர் உரைப்பட்டியலையும் கேட்கும். அதில் டிராப் முறை, காட்டும் பரப்பு, நான்கு நிறங்களின் ஒளிபுகா அளவு எல்லாம் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அங்கே படத்தில் பூசுவது உண்மை நிறம் அல்ல. சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு என்று அடையாள நிறம் பூசுவார்கள், திரையில் வரும் நிறம் நிறத்தட்டில் முடிவாகும்.

எழுத்து பச்சையாகவோ ஊதாவாகவோ வருகிறது.

நிறத்தட்டு டிஸ்கில் ஏறவில்லை, அல்லது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்கள் ஒய்யுவி (வெளிச்சமும் நிறமும் தனித்தனி) இடத்தில் ஏறிவிட்டன. டிஸ்கில் நிறத்தட்டு ஒய்யுவியாகவே எழுதப்படுகிறது. எழுத்துக்குப் பதில் கறுப்புப் பட்டை தெரிந்தாலோ, ஓரம் மட்டும் தெரிந்து நடு ஓட்டையாக இருந்தாலோ நிறம் சரிதான், ஒளிபுகா அளவின் வரிசை மாறியிருக்கிறது.

16:9 டிஸ்கை 4:3 தொலைக்காட்சியில் போட்டால் எழுத்து ஒடுங்கித் தெரிகிறது.

பிளேயர் வீடியோவை முக்கால் உயரத்துக்குச் சுருக்கி மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைக்கிறது. சப்டைட்டில் படத்தைச் சுருக்குவதில்லை. அகலத் திரைக்கு ஒரு தடம், லெட்டர்பாக்ஸ் எனப்படும் இந்தப் பட்டை முறைக்கு இன்னொரு தடம் என இரண்டு செய்து ஒரே மொழியின் கீழ் இணைக்கத் தரம் இடம் தருகிறது. இன்று அந்த உழைப்பு தேவையா என்பது பார்ப்பவர்களைப் பொறுத்தது. ஒடுங்கிய எழுத்தும் படிக்கக்கூடியதுதான்.

டிஸ்கைப் போட்டதும் தமிழ் தானாக வர வேண்டும்.

தடத்துக்கு மொழிக்குறியாகத் தமிழின் இரண்டெழுத்துக் குறியான டி-ஏவைக் கொடுங்கள். அது மட்டும் போதாது. பல பிளேயர்களின் அமைப்புப் பட்டியலில் தமிழ் இருப்பதே இல்லை. படம் தொடங்கும் முன் ஓடும் கட்டளையில் சப்டைட்டில் மதிப்பை 64 என்று வையுங்கள். 64 என்பது ‘காட்டு’ என்ற சைகை, அதோடு தட எண்ணைக் கூட்ட வேண்டும்: முதல் தடம் 64, இரண்டாவது 65.

எதில் சோதிப்பது?

கணினியில் ஓடும் விஎல்சி மன்னிக்கும் குணமுள்ளது. தவறான டிஸ்கையும் ஓட்டிவிடும். மறுபடி எழுதக்கூடிய டிஸ்கில் பதிந்து, கிடைப்பதிலேயே மலிவான பிளேயரில் போடுங்கள். முதல் பத்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம், அடுத்தடுத்து வேகமாக வசனம் வரும் ஒரு காட்சி. இந்த மூன்றையும் பாருங்கள். பிறகு அத்தியாயம் அத்தியாயமாகத் தாவிப் பாருங்கள்.

இதே படங்களை ப்ளூ-ரேக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். ப்ளூ-ரேயின் சட்டகம் 1920×1080, ஒரு சப்டைட்டிலுக்கு 256 நிற இடங்கள், மென்மையான விளிம்புக்குத் தேவையான ஒளிபுகா அளவுகள் எல்லாம் அங்கே உண்டு. டிவிடிப் படத்தைப் பெரிதாக்கினால் படிக்கட்டுதான் பெரிதாகும். யூனிகோட் உரைக்கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். அதிலிருந்து புதிய அளவில் மறுபடி வரைய சில நிமிடங்கள் போதும்.